கைகட்டி நின்றால் தன்னம்பிக்கை இல்லையா?

இன்ஜினீயரிங் கல்லூரிகளில் கேம்பஸ் இன்டர்வியூ நடக்கும் நாட்களில் பிளேஸ்மென்ட் அறைக்கு வெளியே போய் நின்று பாருங்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத ஃபுல் ஹேண்ட் சட்டை, ஹாஸ்டல் நண்பனிடம் இரவல் வாங்கிய ஷூ, நெஞ்சோடு அணைத்த ஃபைல். பெயரைக் கூப்பிட்டதும் ஒரு பையன் எழுந்து, கதவை மெல்லத் தள்ளி, அனுமதி கேட்டு உள்ளே போகிறான். உட்காரச் சொல்லும்வரை நிற்கிறான். நிற்கும்போது இரண்டு கைகளையும் கட்டிக்கொள்கிறான். உட்கார்ந்தாலும் நாற்காலியின் நுனியில்தான். பெரியவர்கள் பேசும்போது நேருக்கு நேர் பார்த்தால் 'என்னடா முறைக்கிறே' என்று திட்டு வாங்கி வளர்ந்தவன். அதனால் பார்வை மேஜையில் பதிகிறது. எதிரே இருப்பவரின் படிவத்தில் 'பாடி லாங்வேஜ்' என்று ஒரு கட்டம். அதில் அவனுக்கு மதிப்பெண் குறைகிறது.

அவன் செய்த அத்தனையும் மரியாதை. வாத்தியார் முன்னால், ஊர்ப் பெரியவர் முன்னால், சாமி சன்னிதியில் எப்படி நிற்க வேண்டும் என்று வீடு சொல்லிக்கொடுத்ததோ, அப்படியே நின்றான். கட்டத்தை நிரப்புகிறவர் படித்த கையேடு வேறு. அதில் கை கட்டினால் தற்காப்பு, கண்ணைத் தாழ்த்தினால் எதையோ மறைக்கிறார், நாற்காலி நுனி என்றால் பதற்றம். குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். அப்பாவின் நண்பர்களோடு கைகுலுக்கிப் பழகிய நகரத்துப் பிள்ளைக்கு அதே கட்டத்தில் மதிப்பெண் தானாக வந்து விழுகிறது. தன்னம்பிக்கையை அளப்பதாக நம்பி, ஒருவர் வளர்ந்த வீட்டை அளந்துகொண்டிருக்கிறோம்.

வேலையிடத்தில் ஒருவரின் உடம்பை அக்கறையோடு கவனித்தால், அவர் எந்த இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறார் என்பது நன்றாகத் தெரியும். அவர் குணம் என்ன என்பது மிகக் கொஞ்சமே தெரியும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் வேலை கிடைக்காமல் போனவர்கள், பதவி உயர்வு தள்ளிப்போனவர்கள், 'ஆட்டிடியூட் சரியில்லை' என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் நம் நடுவே ஏராளம்.

93 சதவீதக் கதை

ஆளுமை வளர்ச்சி வகுப்பில் ஒருமுறையாவது உட்கார்ந்தவர்களுக்கு இந்த ஸ்லைடு தெரிந்திருக்கும். நாம் சொல்லவரும் விஷயத்தில் 55 சதவீதம் உடம்பாலும், 38 சதவீதம் குரலாலும் போய்ச் சேர்கிறதாம். வார்த்தைகளுக்கு வெறும் 7 சதவீதம். பயிற்சியாளர் அடித்துச் சொல்வார். எல்லோரும் குறித்துக்கொள்வார்கள்.

இந்த எண்கள் அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்தவை. ஒற்றை ஒற்றைச் சொற்களைப் பல தொனிகளில் பதிவு செய்து கேட்கவைத்தார்கள். ஓர் ஆய்வில் முகங்களின் புகைப்படங்களையும் காட்டினார்கள். பேசுபவருக்கு எதிரே இருப்பவரைப் பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா என்று ஊகிப்பதுதான் சோதனை. வார்த்தையும் தொனியும் முரண்படும்போது பிடித்தம் பற்றி எதை நம்புகிறோம் என்ற சின்னக் கேள்விக்கான விடை அது. உணர்ச்சியையோ மனப்பான்மையையோ பற்றிய பேச்சுக்கு வெளியே இந்தக் கணக்கு பொருந்தாது என்று மெஹ்ராபியனே எழுதியிருக்கிறார். அந்த எச்சரிக்கை மட்டும் எந்த ஸ்லைடிலும் ஏறவில்லை.

உடம்பும் குரலுமே 93 சதவீதம் பேசிவிடும் என்றால், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கொரியத் தொழிற்சாலைகள் மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதே இல்லை.

உடலசைவுகளை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர் ரே பேர்ட்விஸ்டல் என்ற மானிடவியலாளர். 1952-லேயே இதற்கென ஒரு துறையைத் தொடங்கியவர். மனிதர்கள் பேசிக்கொள்ளும் காட்சிகளைப் படமெடுத்து, அசைவசைவாகப் பிரித்துப் பார்த்தவர். உலகம் முழுக்க ஒரே பொருள் தரும் அசைவு என்று ஒன்று கிடையாது என்பதில் உறுதியாக இருந்தார். பின்னால் வந்த சந்தைப் புத்தகங்கள் இந்த ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டன.

நம்மூர்த் தலையாட்டலையே பாருங்கள். தோளுக்குத் தோள் சாய்கிற அந்த ஆட்டம் ஆமாம் என்றும் இருக்கும், சரி பார்க்கலாம் என்றும் இருக்கும், நீங்கள் சொல்வது காதில் விழுகிறது என்றும் இருக்கும். வெளிநாட்டு கிளையன்ட் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு டெட்லைனைக் குறித்துக்கொள்கிறார். வெள்ளிக்கிழமை வேலை முடியவில்லை என்றதும் 'ஒத்துக்கொண்டு ஏமாற்றினார்கள்' என்று மெயில் வருகிறது. இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. அசைவைப் பார்த்து முடிவு கட்டினார்கள், 'வெள்ளிக்கிழமை முடியுமா?' என்று வாய்விட்டுக் கேட்கவில்லை.

பொய்யைக் கண்ணில் பிடிக்க முடியுமா?

லீவு கேட்டு வருகிறவர், பில் கொண்டுவருகிறவர், 'பஸ் லேட் சார்' என்கிறவர். முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று பெருமை பேசாத மேலாளர் அபூர்வம். பொய் சொல்கிறவர் என்ன செய்வார் என்று 58 நாடுகளில் கேட்டார்கள். பெரும்பாலான நாடுகளில் அதிகம் வந்த பதில், கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார் என்பது. 2006-ல் வெளியான ஆய்வு அது. ஆனால் பொய்யின் அடையாளங்களை ஆராய்ந்த நூற்றுக்கு மேற்பட்ட சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பார்வையை விலக்குவதற்கும் பொய்க்கும் நம்பத்தக்க தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை.

அதே 2006-ல் சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரு உளவியலாளர்கள் இன்னொரு கணக்கைத் தந்தார்கள். சுமார் 24,000 பேர் பொய்யையும் உண்மையையும் பிரித்துப் பார்த்த சோதனைகளின் தொகுப்பு. சராசரியாகச் சரியாகச் சொன்னது 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். போலீஸ்காரர்கள் போன்ற அனுபவசாலிகளும் மற்றவர்களைவிட மேலாகச் செய்யவில்லை.

அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் நடத்தையைப் பார்த்தே சந்தேகத்துக்குரியவர்களைப் பிரிக்க ஒரு திட்டம் இருந்தது. 2007 முதல் அதற்கு ஏறத்தாழ 90 கோடி டாலர் செலவானது. 2013-ல் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்து, இந்த முறை வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை, இதற்கு ஒதுக்கும் பணத்தைக் குறையுங்கள் என்று பரிந்துரைத்தது. அவ்வளவு பணமும் பயிற்சியும் செய்ய முடியாததை நம் ஃப்ளோர் மேனேஜர் ஒரு பார்வையில் செய்துவிடுவார் என்று நம்பி, தினமும் யாரோ ஒருவரின் அரைநாள் சம்பளம் பிடிக்கப்படுகிறது.

உடம்பைப் பற்றிய இன்னொரு நம்பிக்கையும் இப்படித்தான் உடைந்தது. உடம்பை விரித்து அதிகாரத் தோரணையில் இரண்டு நிமிடம் இருந்தால் ஹார்மோனே மாறி தைரியம் வரும் என்று 2010-ல் ஓர் ஆய்வு வந்தது. அந்த ஆய்வாளர்களில் ஒருவரான எமி கட்டி அதைச் சொன்ன உரை உலகம் முழுக்கப் பரவியது. 2015-ல் பெரிய அளவில் திரும்பச் செய்தபோது ஹார்மோன் மாறவில்லை. முதல் ஆய்வை முன்னின்று எழுதிய டேனா கார்னியே 2016-ல், இந்த விளைவு உண்மை என்று தான் இனி நம்பவில்லை எனப் பகிரங்கமாக எழுதினார். ஆராய்ச்சியில் இப்படிச் சொல்ல மிகுந்த நேர்மை வேண்டும். நம் பயிற்சி வகுப்புகளில் அந்தப் போஸ் இன்னும் நின்றபடியே இருக்கிறது.

குணத்துக்கு நான்கு எழுத்து

உடம்புக்கு அடுத்து குணம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் பல நிறுவனங்கள் ஆளுமைத் தேர்வு வைக்கின்றன. அதில் பிரபலமானது மையர்ஸ்-பிரிக்ஸ். கேத்தரின் பிரிக்ஸ் என்ற அம்மாவும், இசபெல் மையர்ஸ் என்ற மகளும் கார்ல் யுங் எழுதியதைப் படித்து உருவாக்கியது. இருவரும் முறைப்படி உளவியல் படித்தவர்கள் அல்ல. மனிதர்களை 16 வகையாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் நான்கு எழுத்துகளைத் தருகிறது. சில வாரம் கழித்து அதே ஆள் அதே தேர்வை எழுதினால், கணிசமானவர்களுக்கு வேறு நான்கு எழுத்து வருகிறது. உயரத்தை அளப்பதுபோல் ஒரு கோட்டில் எங்கோ இருக்கிற குணத்தை, நடுவில் கோடு கிழித்து 'இந்தப் பக்கம், அந்தப் பக்கம்' என்று பிரிப்பதால் வருகிற கோளாறு இது. நண்பர்களுக்குள் பேசிச் சிரிக்க நன்றாக இருக்கும். யாரை எந்த வேலைக்குப் போடுவது என்று முடிவெடுக்க இதைப் பயன்படுத்துவது அநியாயம்.

ஆய்வாளர்கள் பெரிதும் ஏற்றுக்கொள்வது ஐந்து பண்புகளைக் கொண்ட இன்னொரு அளவீடு. அவற்றில் பொறுப்புணர்வு மட்டும் அநேகமாக எல்லா வேலைகளிலும் செயல்திறனோடு ஓரளவு சேர்ந்து வருகிறது என்று 1991-ல் மரே பேரிக், மைக்கேல் மவுன்ட் இருவரும் தொகுத்துக் காட்டினார்கள். சொன்ன நேரத்தில் சொன்னதைச் செய்து முடிப்பது. பத்து நிமிட நேர்காணலில் முகத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழி கிடையாது. விற்பனைக்கு வாயாடிதான் வேண்டும் என்ற நம்பிக்கையும் அப்படித்தான். ஒரு கால் சென்டரில் 340 விற்பனையாளர்களை ஆராய்ந்து ஆடம் கிரான்ட் 2013-ல் எழுதியபடி, அதிகம் விற்றவர்கள் கலகலப்பிலும் அமைதியிலும் நடுவே இருந்தவர்கள். அவர்களுக்குப் பேசவும் தெரிந்தது, நிறுத்தவும் தெரிந்தது.

அப்படியானால் ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி? வந்த எல்லோரிடமும் அதே கேள்விகள், வேலையோடு நேரடியாகத் தொடர்புடைய கேள்விகள், முன்கூட்டியே எழுதிவைத்த மதிப்பெண் முறை. பால் சாக்கெட்டும் உடனிருந்தோரும் 2022-ல் வெளியிட்ட பெரிய தொகுப்பில், பிற்காலச் செயல்திறனை முன்கூட்டிச் சொல்வதில் இந்த முறைதான் முதலிடம். 'சும்மா பேசிப் பார்ப்போம்' வகை நேர்காணலுக்கு அதில் பாதி பலம்கூட இல்லை. செலவில்லாத சீர்திருத்தம் இது. அந்த 'பாடி லாங்வேஜ்' கட்டத்தை அடித்துவிட்டு, அந்த இடத்தில் 'பழுதான ஒன்றைச் சரிசெய்த அனுபவம்' என்று எழுதினாலே போதும், கிராமத்துப் பிள்ளைகள் வாய் திறப்பார்கள்.

சார் மூட் எப்படி?

தமிழ்நாட்டில் எந்த ஆபீசிலும் காலையில் கேட்கப்படும் முக்கியமான கேள்வி இதுதான். கேட்கப்படும் இடம் சாரின் அறைக்கு வெளியே, பதில் சொல்பவர் ஆபீஸ் அசிஸ்டென்ட். கதவை மூடிய வேகம், காபியை உடனே குடித்தாரா ஆறவிட்டாரா, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தாரா. இவற்றைக் கொண்டு 'இப்போ போகாதீங்க மேடம், பதினோரு மணிக்கு மேல போங்க' என்று சொல்வார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தினமும் அதே மனிதரை ஆண்டுக்கணக்காகப் பார்க்கிறவர். தப்பினால் திட்டு விழுவது அவருக்குத்தான்.

குறிப்பறிதல் என்ற பெயரில் திருக்குறளில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. காதலுக்கு ஒன்று. இன்னொன்று பொருட்பாலில் 71-வது அதிகாரம். மன்னரைச் சேர்ந்தொழுகலுக்கும் அவையறிதலுக்கும் நடுவில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த வரிசையே ஒரு செய்தி. மேலே இருப்பவரின் முகத்தைக் கீழே இருப்பவர் படித்தாக வேண்டும், பிழைப்பு அதில் இருக்கிறது. இன்றைய ஆபீசிலும் அதே நிலைதான். கீழே உள்ளவர் இடைவிடாமல் மேலே பார்க்கிறார். மேலே உள்ளவருக்குக் கீழே பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை, அதனால் பழக்கமும் இல்லை. ஒரு நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு, ஊழியர்களை 'ரீட்' பண்ணத் தெரியும் என்று திரும்பி வருகிறார்.

அந்த அசிஸ்டென்ட்டிடம் மேலாளர் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. அவர் பொது விதி எதையும் பயன்படுத்துவதில்லை. அந்த ஒரு மனிதரின் வழக்கம் என்ன என்று தெரியும். இன்று அதிலிருந்து எங்கே விலகுகிறார் என்று பார்க்கிறார். தினமும் டிபன் பாக்ஸைத் திறந்து எல்லோருக்கும் நீட்டுகிற அக்கா ஒரு வாரமாகத் தனியே சாப்பிடுகிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. என்ன என்று நமக்குத் தெரியாது. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், கடன் இருக்கலாம், மீட்டிங்கில் நாம் சொன்ன சொல் தைத்திருக்கலாம். கண்ணால் பார்த்தது கேட்பதற்கு ஒரு காரணம், அவ்வளவுதான். 'என்னக்கா, ஒரு மாதிரியா இருக்கீங்க?' என்று தனியாக, மெதுவாகக் கேட்க வேண்டும். சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடவும் வேண்டும்.

மீட்டிங்கில் யாரும் வாய் திறக்கவில்லை என்றால் டீமே மந்தமானது என்று சில தலைவர்கள் முடிவுகட்டுகிறார்கள். ஹார்வர்டின் எமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனை வார்டுகளை ஆராய்ந்தார். நன்றாக இணைந்து வேலை செய்யும் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். பதிவேட்டில் அங்கேதான் தவறுகள் அதிகமாக இருந்தன. தோண்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது: அந்த வார்டுகளில் நர்ஸ்கள் பயமில்லாமல் தவறைச் சொன்னார்கள், மற்ற வார்டுகளில் மறைத்தார்கள். தலைமை நர்ஸ் எப்படி நடந்துகொள்கிறார் என்பதே அங்கே பேச்சையும் மௌனத்தையும் தீர்மானித்தது. நம் மீட்டிங் அறையில் 'ஏதாவது சந்தேகம் இருக்கா?' என்று மேலாளர் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அந்தத் தலையாட்டலில் தெரிவது அவருடைய குணம்.

இப்போது கேமராவும் முகத்தைப் படிக்க வந்துவிட்டது. வீடியோ நேர்காணலில் முகபாவத்தை அலசி மதிப்பெண் போட்டுவந்த அமெரிக்க நிறுவனமான ஹையர்வியூ, எதிர்ப்புக்குப் பிறகு அந்த வசதியை நிறுத்திவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. வேலையிடத்திலும் பள்ளி, கல்லூரியிலும் ஒருவரின் உணர்ச்சியை இயந்திரத்தால் ஊகிப்பதை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்திருக்கிறது. மருத்துவம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. 2025 பிப்ரவரி 2 முதல் அது நடைமுறையில் உள்ளது. அத்தகைய தடை இங்கேயும் வர வேண்டும். மனிதர் செய்தால் ஒரு பையனுக்கு நேர்கிற அநீதி, இயந்திரம் செய்தால் ஒரே நாளில் ஆயிரம் பேருக்கு நேரும்.

உட்காரும் உரிமை

உடம்பின் பேச்சை உண்மையிலேயே கேட்க விரும்புகிறவர்கள் பெரிய துணிக்கடையில் ஒரு சாயங்காலம் நின்று பார்க்கலாம். சேலைப் பிரிவில் இருக்கும் பெண் ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்கிறார்; கொஞ்ச நேரத்தில் மறுகாலுக்கு மாற்றுகிறார். செருப்பிலிருந்து குதிகாலைத் தூக்கி, திரும்ப வைக்கிறார். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பியதும் இடுப்பை ரேக்கில் சாய்க்கிறார், இந்தப் பக்கம் வந்ததும் நிமிர்கிறார். நீங்கள் கேட்ட சேலையை எடுத்துப்போடும்போது முகத்தில் சிரிப்பு இல்லை. 'என்ன இந்தப் பொண்ணு, சிடுசிடுன்னு' என்று சொல்லிக்கொண்டே நகர்கிறோம். கணுக்கால் வீங்கி, காலில் நரம்பு சுருண்டு நிற்பவரின் வலியை, திமிர் என்று படித்துவிட்டு வருகிறோம்.

சிரிப்பும் இந்த வேலையின் ஒரு பகுதிதான். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, முகத்தில் சிரிப்பை வரவழைத்துக் காட்டுவதும் உழைப்பே என்று ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983-ல் புத்தகமாக எழுதினார். அந்த உழைப்புக்குச் சம்பளச் சீட்டில் வரி கிடையாது. சிரிக்காவிட்டால் மட்டும் புகார் புத்தகத்தில் வரி ஏறும். ரங்கநாதன் தெருவின் நின்றே தேய்ந்த கால்களை 2010-ல் 'அங்காடித் தெரு' படத்தில் வசந்தபாலன் காட்டினார். தமிழ்நாடே பார்த்துக் கலங்கியது. ஸ்டூல் வரவில்லை.

கேரளத்தில் அது போராட்டத்தால் வந்தது. கோழிக்கோட்டில் விஜியும் 'பெண்கூட்டு' அமைப்பின் பெண்களும் கழிப்பறைக்காகவும் உட்காருவதற்காகவும் பல ஆண்டுகள் போராடினார்கள். 2018-ல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதா வந்தது. 1947-ம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு கடையிலும் எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைநேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் நிலை வராதபடி, வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ள முடிய வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு.

எண்ணிக்கை காட்டுவதற்காகக் குடோன் வாசலில் நாலு ஸ்டூலை அடுக்கிவைத்தால் இந்தச் சட்டம் நிறைவேறாது. ஸ்டூல் கவுன்டருக்குப் பின்னால், கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கூட்டம் இல்லாத மதியம் மூன்று மணிக்கு அந்தப் பெண் அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்காமல் இருக்க வேண்டும். முறைப்பைச் சட்டத்தில் எழுதித் தடுக்க முடியாது. ஃப்ளோரில் யாராவது உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கிற முதலாளிதான் அதை மாற்ற வேண்டும், அதுவும் எல்லோர் காதிலும் விழும்படி, வாயால் சொல்லி.